நல்ல நீர் என்று ஒரு சீட்டு

சாயப்பட்டறைகள் நிறைந்த ஓர் ஊரில், ஆற்றை ஒட்டி ஒரு கல்லூரி இருந்தது. அந்தக் கல்லூரியின் விலங்கியல் ஆய்வறையில், சன்னலோரமாக, இரண்டு கண்ணாடித் தொட்டிகள் அக்கம்பக்கத்து வீடுகள்போல நின்றன. ஒன்றில் ஓர் அக்கா மீன் குடியிருந்தாள். அடுத்ததில் அவள் தங்கை. இருவரும் ஜிலேபிக் கெண்டைகள். தொலைவில், மலையடிவாரத்துப் பண்ணைக் குளம் ஒன்றில், ஒரே தாயின் வாய்க்குள் பிறந்தவர்கள்.

வாய்க்குள் பிறப்பது அந்த இனத்தின் வழக்கம். ஆண் மீன் மணலில் பள்ளம் பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு, உடனே எல்லாவற்றையும் வாயில் அள்ளிக்கொள்வாள். பொரித்து, குஞ்சுகள் தாமாக நீந்தும்வரை வாயைத் திறக்க மாட்டாள். இரை தின்ன மாட்டாள். பேச மாட்டாள். வாய் திறந்த தாய் என்றால், ஒன்று குஞ்சுகளை வெளியே விட்டவள். இல்லையென்றால், விடுவதற்குக் குஞ்சே இல்லாதவள்.

தொட்டிகளை அமைத்தவள் மேகலா என்ற ஆராய்ச்சி மாணவி. எதையும் இரண்டு தடவை செய்கிறவள். கை கழுவினாலும் இரண்டு தடவை. தங்கையின் தொட்டிக்கு, சாயக் கழிவு ஆற்றில் விழும் இடத்துக்குக் கீழே போய், கேனில் தண்ணீர் மொண்டு வந்தாள். அக்காவின் தொட்டிக்கு ஆய்வறைக் குழாய்த் தண்ணீர். அதையும் அப்படியே ஊற்றிவிடவில்லை. ஒரு நீல டிரம்மில் பிடித்து, பிளீச்சிங் பவுடர் நெடி போகட்டும் என்று ஒரு நாள் திறந்து வைத்து, பிறகுதான் ஊற்றினாள். கடைசியாக இரண்டு சீட்டுகளை அச்சடித்து, கண்ணாடிக்கு வெளியே ஒட்டினாள். தங்கையின் தொட்டியில் 'ஆற்று நீர்'. அக்காவின் தொட்டியில் 'நல்ல நீர்'.

ஆற்று நீர்ச் சீட்டு ஈரத்தில் ஊறி, எழுத்துக் கலங்கி, அதிகம் பேசாமல் கிடந்தது. நல்ல நீர்ச் சீட்டு அப்படியில்லை. ஒட்டிய நாளிலிருந்தே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

அக்கா புதுத் தண்ணீரில் முதல் வாய் இழுத்தபோது நாக்கின் ஓரத்தில் ஏதோ உறுத்தியது. பண்ணைக் குளத்தில் இருந்தபோது ஒரு தடவை துருப்பிடித்த தூண்டில் முள்ளைக் கவ்வித் துப்பியிருக்கிறாள். அதே ருசி.

"ஏனுங்க, இந்தத் தண்ணி ஒரு மாதிரி இருக்குதுங்களே?" என்று சீட்டிடம் கேட்டாள்.

"என்ன மாதிரி?"

"முள்ளுச் சப்பின மாதிரிங்க."

"என் மேல என்ன எழுதியிருக்குதுன்னு பார்த்தியா?"

"எனக்கு உங்க முதுகுதானுங்களே தெரியுது."

"நல்ல நீர்னு எழுதியிருக்குது. கையால கிறுக்கினது இல்ல, அச்சு. எழுத்து ஒண்ணு சொல்ல, தண்ணி வேறொண்ணு சொல்லுமா? உன் நாக்குலதான் கோளாறு."

தொட்டிக்குக் காற்று ஊதும் குட்டி மோட்டார் பக்கத்திலேயே இருந்தது. அதற்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. "அக்கா, துரைகிட்ட வாயைக் குடுக்காதீங்க," என்றது. "அவரு முன்பக்கம் மட்டும்தான் படிச்சவரு. பின்பக்கம் வெறும் பசை."

சீட்டு திரும்பிப் பார்க்கவில்லை. ஒட்டிய சீட்டால் திரும்ப முடியாது.

அன்றைக்கே தங்கை தன் தொட்டியின் கண்ணாடியில் வாயை ஒட்டிக் கூப்பிட்டாள். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே விரல் நுழையும் சந்துதான். ஒட்டிப் பேசினால் கேட்கும்.

"அக்கா, என் தண்ணியில கண்ணு எரியுது. குடிச்சா முள்ளு மாதிரி இருக்குது. உன்னுது எப்படி?"

அக்கா ஒரு கணம் தயங்கினாள். சாயத் தண்ணீரில் கிடப்பவளிடம் போய், நல்ல தண்ணீரில் இருப்பவள் "எனக்கும்தான்" என்று சொன்னால் அது அவளை நோகடிப்பது ஆகாதா? கொடுத்துவைத்தவள் குறை சொல்லலாமா?

"என்னுது நல்லா இருக்குது புள்ள," என்றாள்.

"அப்பாடா," என்றாள் தங்கை. "நீயாச்சும் நல்லா இரு."

அதற்குப் பிறகு அக்கா அந்த ருசியைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. கொஞ்ச நாளில் அவளுக்கே பழகிப்போயிற்று. பழகியதும், அது ருசியே இல்லை, தண்ணீரே அப்படித்தான் என்று தோன்ற ஆரம்பித்தது.

இரண்டு தொட்டிகள் எதற்கு என்பதைச் சீட்டுதான் அவளுக்குச் சொன்னது.

"உன் தங்கச்சி முட்டை பொரிக்காது. அது தெரிஞ்ச கதை. ஆனா பொரிக்கலைன்னு மட்டும் சொன்னா பட்டறைக்காரங்க விடுவாங்களா? மீனு சீக்கு மீனும்பாங்க, வெயிலு அதிகம்பாங்க, தீனி சரியில்லைம்பாங்க. அதே மீனு, அதே தீனி, அதே வெயிலு, நல்ல தண்ணியில பொரிச்சுதுன்னு காட்டினாத்தான் வாயடைப்பாங்க. அப்பத்தான் அந்தச் சாக்கடையை மூடுவாங்க. புரியுதா? உன் தங்கச்சியோட முட்டை செத்ததுக்கு ஒரு அர்த்தம் இருக்கணும்னா உன் முட்டை பொரிக்கணும்."

மேகலாவும் அதைத்தான் வேறு விதமாகச் சொன்னாள். தீனி போட வரும்போதெல்லாம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தொட்டியின் மேல் குனிந்து, "நீ மட்டும் பொரிச்சுக் குடுத்துரு கண்ணு," என்பாள். "எங்க ஊரு ஆத்துப் போக்குல கீழே இருக்குது. அங்கே வாய்க்கால் தண்ணியை நாய் மோந்து பார்த்துட்டுப் போயிரும். உன்னைத்தான் நம்பியிருக்கறேன்." சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து தன் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுப் போவாள்.

அக்கா இதைத் தங்கையிடம் சொன்னபோது, தங்கை வெகுநேரம் அடியில் கிடந்தாள். பிறகு மெல்ல மேலே வந்தாள்.

"அப்ப என் முட்டை சாகறதுக்காகத்தான் என்னை இங்கே விட்டிருக்கறாங்களா?"

அக்கா துடுப்பால் கண்ணாடியைத் தடவினாள்.

"சரி விடு," என்றாள் தங்கை. "என்னுது செத்தாத்தான் ஆத்துல இருக்கறதுக பொழைக்கும்னா சாகட்டும். ஆனா நீ பொரிச்சுரணும் அக்கா. நீயும் பொரிக்கலைன்னா என்னுது சும்மா செத்ததாப் போயிரும். அதை மட்டும் என்னால தாங்க முடியாது."

"பொரிக்கறேன் புள்ள," என்றாள் அக்கா. "நல்ல தண்ணிதானே."

ஒவ்வொரு தொட்டியிலும் ஓர் ஆண் மீன் இருந்தது. காலம் வந்தால் ஆணுக்கு உடம்பெல்லாம் கறுப்பேறி, துடுப்பின் ஓரம் சிவக்க வேண்டும். அக்காவின் தொட்டியில் இருந்தவன் நாள்தோறும் கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் கறுப்பேறலையா மாப்பிள்ளை?" என்று மோட்டார் கேலி செய்தது.

"ஏறும், ஏறும்," என்றான் அவன். "ஏனோ பள்ளம் பறிக்கவே மனசு வரமாட்டேங்குது. சித்தே தோண்டினா அசதியா இருக்குது."

கடைசியில் ஒருவாறாகச் சாம்பல் நிறம் ஏறியது. சட்டி அளவுக்குப் பறிக்க வேண்டிய பள்ளத்தைக் கிண்ணம் அளவுக்குப் பறித்தான். அது போதும் என்று அக்கா முட்டையிட்டாள். ஒன்றையும் சிந்தாமல் வாயில் அள்ளிக்கொண்டாள். அதே வாரத்தில் தங்கையும் வாயை மூடினாள்.

"போச்சு," என்றது மோட்டார். "ரெண்டு வீட்டுலயும் கதவைச் சாத்தியாச்சு. இனி நான் யார்கூடப் பேசறது? துரைகூடவா?"

சகோதரிகள் இருவரும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் வந்து நின்று, கன்னம் உப்ப, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச முடியாது. சிரிக்கவும் முடியாது. அக்காவின் வாழ்வில் அவை நல்ல நாட்கள். வாய்க்குள் முட்டைகளை மெல்ல உருட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். உருட்டாவிட்டால் காற்றுப் படாது. பசித்தது. பசி ஒரு பெருமையாக இருந்தது.

முதலில் தங்கையின் வாய் திறந்தது.

ஒரு காலை நேரம். அவள் கன்னம் ஒட்டிப்போயிருப்பதை அக்கா பார்த்தாள். தங்கை கண்ணாடிக்கு வந்தாள். வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஏதோ நழுவி, மெதுவாக மணலில் இறங்கியது. உயிருள்ள முட்டை மஞ்சளாக இருக்கும். செத்தது சோற்றுப் பருக்கைபோல வெளுத்துவிடும்.

"ஒண்ணு ரெண்டை முழுங்கிட்டேன் அக்கா," என்றாள் தங்கை. "வேணும்னு இல்ல. துப்ப மனசு வரலை." பிறகு, "நீ திறந்துராதே. நீ மூடியே வை," என்றாள்.

அக்கா தலையசைத்தாள்.

மேகலா அதைப் பார்த்துவிட்டுத் தன் வழிகாட்டிப் பேராசிரியர் நாச்சிமுத்துவைக் கூட்டி வந்தாள். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கெட்டவர் இல்லை. அலுத்தவர்.

"சார், ஆத்துத் தண்ணியில எல்லாமே வெளுத்துருச்சுங்க சார்." அவள் குரலில் துக்கமும் இருந்தது, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உற்சாகமும் இருந்தது. அது தனக்கே கேட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"இதுல என்னம்மா இருக்குது?" என்றார் அவர். "செத்துதுங்கறது சேதியே இல்ல. பக்கத்துல ஒண்ணு பொழைச்சாத்தான் அது சேதி. அந்த நல்ல தண்ணித் தொட்டி என்ன ஆச்சு?"

"இன்னும் வாய்ல வெச்சிருக்குதுங்க சார்."

"அப்ப பொறு."

எல்லோரும் பொறுத்தார்கள். எல்லோரும் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவுக்கு அப்போதே தெரிந்திருந்தது. உயிருள்ள முட்டையை உருட்டினால் அது நாக்கில் வழுக்கும். உள்ளே ஏதோ துடிப்பதுபோல, கூசுவதுபோல இருக்கும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இவளுடைய முட்டைகள் மணல்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. வாய்க்குள் ஒரு புளித்த நாற்றம் வந்திருந்தது. ஆனாலும் உருட்டினாள். இது நல்ல தண்ணீர். நல்ல தண்ணீரில் முட்டை சாகாது. எனவே இவை சாகவில்லை. இந்தக் கணக்கில் எங்கே பிழை என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னும் வெச்சிருக்கறா பாருங்க!" என்றது சீட்டு. "தண்ணி நல்ல தண்ணியாச்சே."

"அக்கா, எலும்பா இளைச்சுட்டீங்க," என்றது மோட்டார். அதன் குரலில் கேலி இல்லை. "ஏதாச்சும் தின்னுங்க."

தங்கை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நம்பிக்கையோடு பார்த்தாள். அந்தப் பார்வைதான் அக்காவின் வாயை மூடி வைத்திருந்தது. செத்த பிள்ளைகளைச் சுமந்துகொண்டு, வாயைத் திறக்காமல், அவள் எல்லோருக்காகவும் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குஞ்சு வரவேண்டிய காலம் வந்து, கடந்தும் போயிற்று. மேகலா சின்ன வலையால் அவளை மெல்ல எடுத்தாள். ஈரக் கையில் வைத்து, பெருவிரலால் கீழ்த்தாடையைத் தள்ளி, வெள்ளைப் பீங்கான் தட்டின் மேல் பிடித்தாள். அக்கா திறக்கக் கூடாது என்று பார்த்தாள். அந்த விரலுக்கு முன்னால் அவள் பலம் எந்த மூலைக்கு?

தட்டில் விழுந்தவை தட்டின் நிறத்திலேயே இருந்தன.

மேகலா ஒன்றை எடுத்து நுண்ணோக்கியின் கீழே வைத்தாள். நுண்ணோக்கி ஒற்றைக் கண் கிழவன். வைத்ததை மட்டும் பார்ப்பான். கேட்டதை மட்டும் சொல்வான்.

"செத்தது," என்றான். அடுத்ததை வைத்தாள். "செத்தது." அவள் மேலும் மேலும் வைத்துக்கொண்டே போனாள்.

"போதும் தாயி," என்றான் நுண்ணோக்கி. "முட்டையையே வெச்சுக்கிட்டு இருக்கறியே. அது கிடந்த தண்ணியை யாரும் கேட்க மாட்டீங்களா?"

அவன் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் அவளும் தலை நிமிர்ந்து, குழாயைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

தொட்டிக்குத் திரும்பிய அக்கா கண்ணாடிப் பக்கம் போகவில்லை. பின்மூலையில் சுருண்டு கிடந்தாள். தங்கைதான் கூப்பிட்டாள்.

"அக்கா."

அக்கா மூலைப் பக்கம் இன்னும் ஒதுங்கினாள்.

"வாய் காலியாத்தானே இருக்குது? பேசு."

தங்கை திரும்பி, கழுவும் தொட்டியின் மேல் சொட்டிக்கொண்டிருந்த குழாயை அதட்டினாள். "ஏய் குழாய், நீ எங்கிருந்து வர்றே?"

"நானா?" குழாய்க்கு ஆச்சரியம். அதுவரை யாரும் அதனிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "மாடித் தொட்டியில இருந்து."

"மாடித் தொட்டிக்கு?"

"ஆழ்குழாய்க் கிணத்துல இருந்து."

"கிணறு எங்கே இருக்குது?"

"ஆத்தங்கரையில. காலேஜுக்குப் பின்னால. ஆறு என்ன குடிக்குதோ, அதைத்தான் அதுவும் கொஞ்சம் வடிகட்டிக் குடிக்குது. நிறம் மட்டும் மண்ணுல தங்கிரும்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நான் நல்ல தண்ணின்னு என்னைக்காச்சும் சொன்னேனா? அது அங்கே ஒட்டியிருக்கறவரு சொன்னது," என்றது குழாய், சொட்டிக்கொண்டே.

சீட்டு அசரவில்லை. "என் மேல எழுதினதைத்தான் நான் சொல்ல முடியும். எழுத்து இன்னும் அழியலை."

மறுநாள் மேகலா பேராசிரியரிடம் அதே சந்தேகத்தைக் கொண்டுபோனாள்.

"சார், குழாய்த் தண்ணியிலயே ஏதோ இருக்குதுங்க சார்."

"இருக்கலாம். நல்ல தண்ணி கெட்டதுன்னு காட்டறதுக்கு அதைவிட நல்ல தண்ணி ஒண்ணு வேணும். எங்கே இருக்குது?"

"தேடிப் பார்க்கறேனுங்க சார்."

"தேடு. ஆனா அறிக்கை ரொம்ப நாள் காத்திருக்காது."

மேகலா கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கோயில் தெப்பக்குளத்திலிருந்து கொண்டுவந்தாள். மேட்டுத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து கொண்டுவந்தாள். கடையில் விற்கும் கேன் தண்ணீரைக்கூட ஊற்றிப் பார்த்தாள்; அதில் ருசியும் இல்லை, சத்தும் இல்லை; மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன; உடனே மாற்றிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் தொட்டியைக் காலி செய்து, கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினாள். மாறாதது சீட்டு ஒன்றுதான். எந்தத் தண்ணீர் வந்தாலும் அது அதே குரலில், "நல்ல நீர்," என்று வரவேற்றது.

அக்கா இன்னும் இரண்டு தடவை முட்டையிட்டாள். இரண்டு தடவையும் வாயிலேயே வெளுத்தது. அதன் பிறகு முட்டை வரவில்லை. ஆண் மீனுக்கு இருந்த சாம்பலும் போய்விட்டது. "பரவாயில்லை, இப்படியே இருந்துக்கலாம்," என்று அவன் தன் நிழலிடம் சொல்லிக்கொண்டான்.

ஒரு நாள் மேகலா முகமெல்லாம் வெளிச்சமாக உள்ளே வந்தாள். "உங்க ஊருக்கே போறேன் கண்ணு," என்று தொட்டியில் குனிந்து சொன்னாள். "உங்களை எடுத்துட்டு வந்த பண்ணைக் குளத்துக்கு. அங்கே மலைத் தண்ணி. மேலே ஒரு பட்டறையும் கிடையாது."

அன்று சகோதரிகள் வெகுநாளைக்குப் பிறகு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பேசினார்கள்.

"குளத்துத் தண்ணி ஞாபகம் இருக்குதா அக்கா?"

"அம்மா வாய்க்குள்ள இருந்து முதல் தடவை வெளியே வந்தமே, அப்பக் குளுகுளுன்னு இருந்துது. அதுக்கு ருசியே கிடையாது. அதுதான் அதோட ருசி."

"அது வந்தா உனக்கு மறுபடி முட்டை வரும். பொரிக்கும். என்னுது சும்மா செத்ததா ஆகாது."

"ஆகாது புள்ள."

மேகலா மறுநாள் சாயங்காலம் திரும்பினாள். வெளிச்சம் முகத்தில் இல்லை. ஆனாலும் கேன்கள் இருந்தன. தொட்டியை இரண்டு தடவை கழுவி, குளத்துத் தண்ணீரை ஊற்றினாள். தெளிவாக, கண்ணாடிபோல இருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் இழுத்தாள்.

நாக்கின் ஓரத்தில் முள் உறுத்தியது.

"எப்படி இருக்குது அக்கா?" தங்கை கண்ணாடியை முட்டினாள். "சொல்லு, எப்படி இருக்குது?"

முதல் நாள் அவள் கேட்ட அதே கேள்வி. அதே மாதிரி ஒரு பதிலைச் சொல்லிவிடலாம். சொல்ல வாய் வந்தது. அக்கா அதை விழுங்கினாள்.

"முள்ளு மாதிரிதான் இருக்குது புள்ள. குழாய்த் தண்ணியும் அப்படித்தான் இருந்துது. முதல் நாளே. நான்தான் சொல்லலை."

தங்கை துடுப்பு அசையாமல் நின்றாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் கடைசியில். "நீ நல்லா இருக்குதுன்னு சொன்னப்ப உன் வாய் ஓரம் சுருங்குச்சு. நீ குளத்துல முள்ளுக் கவ்வினப்பவும் அப்படித்தான் சுருங்குச்சு. பார்த்தேன். பார்த்துட்டும் நம்பினேன். எங்கேயாச்சும் ஒரு தொட்டி நல்லா இருந்தாகணும்ல அக்கா?"

அவர்களுக்கு மேலே மேகலா பேராசிரியரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இங்கே கெடுபிடின்னு பட்டறைக்காரங்க கழிவை அங்கே கொண்டுபோயிட்டாங்க சார். லாரித் தொட்டியில ஏத்தி, மலை ஓடையில ஊத்தறாங்களாம். பண்ணைக்காரரு இந்த வருசம் குஞ்சே விடலை. அவரே என்கிட்ட நல்ல தண்ணி இருந்தாச் சொல்லும்மாங்கறாரு."

நாச்சிமுத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இந்தத் தொட்டியிலயும் பொரிக்கலை. அந்தத் தொட்டியிலயும் பொரிக்கலை. அப்படித்தானே?"

"ஆமாங்க சார்."

"ஒப்பிட்டா என்ன வித்தியாசம்?"

மேகலா குறிப்பேட்டை மூடினாள். "வித்தியாசம் இல்லைங்க சார்."

"அதை எழுது."

"சார், அப்படி எழுதினா ஆத்துத் தண்ணியால கெடுதல் இல்லைன்னு ஆயிருமுங்களே சார்! ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தண்ணி கிடைக்கலைன்னு எழுதட்டுங்களா?"

"எழுதினா நான் அடிச்சுருவேன். இல்லாத ஒண்ணை வெச்சு முடிவு எழுத முடியாதும்மா. அதைப் படிக்கறவன் ஒழுங்காத் தேடலைம்பான். புலம்பலும்பான். உனக்குப் பட்டம் கிடைக்காது." பிறகு யாரிடமோ சொல்வதுபோல, "நான் மட்டும் என்ன, தெரியாமலா சொல்றேன்?" என்றார்.

அவள் எழுதினாள். ஆற்று நீருக்கும் நல்ல நீருக்கும் மீனின் இனப்பெருக்கத்தில் வித்தியாசம் ஏதும் காணப்படவில்லை என்று, பிழையில்லாமல், இரண்டு தடவை சரிபார்த்து எழுதினாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சாயப்பட்டறைக்காரர்கள் அந்த வரியைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, தங்கள் சங்க அலுவலகத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

ஆராய்ச்சி முடிந்தது. வித்தியாசம் இல்லாதவற்றுக்கு இரண்டு தொட்டி எதற்கு? தங்கையை எடுத்து அக்காவோடு விட்டார்கள். முதன்முதலாக நடுவே கண்ணாடி இல்லாமல் இருவரும் உரசிக்கொண்டு நின்றார்கள். பேசுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

நாச்சிமுத்து அறையைச் சுற்றிப் பார்த்தார். "அந்த நீல டிரம்மைச் சும்மா போட்டு வைக்காதே. பிள்ளைக குடிக்கத் தண்ணி இல்லைன்னு சொல்லிட்டிருந்துதுக. குழாயில பிடிச்சு வாசல்ல வெச்சிரு. மருந்து டிரம்முனு நினைச்சுக்கப்போறாங்க, ஒரு சீட்டு ஒட்டிரு." சொல்லிக்கொண்டே, அவரே நகத்தால் தொட்டியிலிருந்து நல்ல நீர்ச் சீட்டை உரித்தார். கிழியாமல் வந்தது. பசை இன்னும் காயவில்லை.

"சார், வேண்டாமுங்க சார்," என்றாள் மேகலா. "அந்தத் தண்ணி மேலதான் எனக்குச் சந்தேகமே."

"எனக்கும்தான். நீயும் அதைத்தான் குடிக்கறே, நானும் அதைத்தான் குடிக்கறேன். வேற எதைக் குடிக்கச் சொல்றே?"

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அக்காவுக்கு அந்த மூடிய வாயைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

டிரம் வாசலுக்குப் போனது. அதன் வயிற்றில் ஏறி உட்கார்ந்ததும் சீட்டு மறுபடியும் நெஞ்சை நிமிர்த்தியது. "வாங்க கண்ணுகளா," என்றது. "நல்ல நீர். அச்சடிச்சது."

வகுப்பு முடிந்து மாணவிகள் கூட்டமாக வந்தார்கள். வெயிலில் நடந்து வந்த முகங்கள். ஒருத்தி டம்ளரை எடுத்துவிட்டுச் சற்றுத் தயங்கினாள். சீட்டைப் படித்தாள். மொண்டாள்.

அக்கா கண்ணாடிக்குப் பாய்ந்தாள். இப்போது அவள் வாயில் முட்டை இல்லை, பொய் இல்லை, யாருக்காகவும் மூடிவைக்க ஒன்றும் இல்லை. "குடிக்காதீங்க!" என்றாள். தங்கையும் பக்கத்தில் வந்து நின்று, "குடிக்காதீங்க!" என்றாள். இருவரும் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள்.

"ஏய், இங்கே பாருடி," என்றாள் டம்ளர் வைத்திருந்தவள். "மீனு ரெண்டும் நம்மகிட்ட என்னமோ சொல்லுதுடி."

தோழி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"சொல்லவும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி குடிக்குதுடி. நம்மள மாதிரியே."